'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் தப்பா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். லண்டன் பையருக்கு நான் எழுதும் மெயில்களில் 'டூ த நீட்ஃபுல்', 'ரிவர்ட்', 'ப்ரீபோன்' எல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு இதைப் படித்தாலே எரிச்சல் வருமாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? நான் எழுதிய மெயில் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். இரண்டு மூன்று சொற்களை மாற்றினால் போதும். அதற்கு இன்று மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எரிச்சல் வேறு, குழப்பம் வேறு. எரிச்சலுக்குப் பயந்தால் யாருமே ஆங்கிலம் எழுத முடியாது. 'கோயிங் ஃபார்வர்ட்', 'டச் பேஸ்', 'ரீச் அவுட்' என்று அங்கே ஆபீஸில் புழங்கும் சொற்களைக் கேட்டு லண்டன்காரர்களே முகம் சுளிக்கிறார்கள். 'லிட்டரலி' என்ற ஒரு சொல்லுக்காக இன்றும் சண்டை போடுகிறார்கள். 2008இல் இங்கிலாந்தின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டுகளில், கொஞ்சம் சாமான் வாங்குகிறவர்களுக்கான பில் கவுண்டரில் இருந்த '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகையை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு 'லெஸ்' தப்பு, 'ஃபியூவர்' என்றுதான் இருக்க வேண்டும் என்று பலர் விடாமல் குறை சொன்னதுதான் காரணம். அந்தப் பழைய பலகையைப் படித்துவிட்டு எத்தனை சாமான் எடுக்கலாம் என்று தெரியாமல் யாரும் நின்றதில்லை. இப்படிப்பட்ட எரிச்சலை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். குழப்பத்தைத்தான் விடக்கூடாது.

உங்கள் மெயிலில் 'கைண்ட்லி ரிவர்ட் ஆன் த காலர்' என்று ஒரு வரி இருக்கிறது. காலர் பற்றிப் பதில் போடுங்கள் என்பது உங்கள் எண்ணம். இந்தியாவில் யார் படித்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். ஆனால் லண்டனில் 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்கே திரும்பிப் போவது. இரண்டாவது சாம்பிளில் காலரை மாற்றியிருக்கிறீர்கள். மறுபடி பழைய காலருக்கே போகச் சொல்கிறீர்களா என்று பையர் யோசிப்பார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டால், ஆர்டரே கெட்டுவிடும். இந்தச் சொல்லை இன்றோடு விடுங்கள். 'ரிப்ளை' போதும்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் அப்படித்தான். நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வியும் அதுதான், நம்பாமையும் அதுதான். ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் நம்பாமை. பையர் அனுப்பிய அளவுப் பட்டியலைப் பற்றி 'டவுட்' என்று எழுதினால், அவர் கணக்கை நீங்கள் நம்பவில்லை என்று படும். 'கொஸ்டின்' என்று எழுதுங்கள். 'ப்ரீபோன்', அதாவது தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது, நல்ல சொல், நம் ஊரில் புழங்கும் சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. ஆனாலும் ஷிப்மென்ட் விஷயத்தில் பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் எழுதிவிடுங்கள்.

சரி, 'டூ த நீட்ஃபுல்', அதாவது 'வேண்டியதைச் செய்யுங்கள்'. இது நாம் கண்டுபிடித்த தப்பு இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்காரர்களே எழுதிய தொடர்தான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே ஆபீஸ் ஃபைல்களில் தங்கிவிட்டது. லண்டனுக்கு வேண்டாம். ஆனால் வங்கிக்கு எழுதும்போதும், தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டுக்கு எழுதும்போதும் தாராளமாக இருக்கட்டும். அவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். 'நீட்ஃபுல்' என்றால் எது? பில்லைத் திருத்த வேண்டுமா, பணத்தை விடுவிக்க வேண்டுமா, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா? அதற்கு முந்தைய வரியில் அது தெளிவாக இருந்தால், 'டூ த நீட்ஃபுல்' வெறும் மரியாதை வார்த்தை. இல்லையென்றால் அந்த மெயில் நான்கு நாள் மேஜை மேஜையாகச் சுற்றும். என்ன வேண்டும் என்று எழுதுகிறவருக்கே தெளிவில்லாதபோதுதான் இந்தத் தொடர் வருகிறது என்பது, இருபது வருஷமாக ஆபீஸ் கடிதங்களைத் திருத்திப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது.

இனி அந்த கிளாஸ் விஷயம். முப்பது நாளில் சரளம் என்று போர்டு வைக்கும் இடங்களில் பெரும்பாலும் பயத்தைத்தான் விற்கிறார்கள். நீங்கள் பேசும் சாதாரண வாக்கியத்தைக் கேவலம் என்று முதல் நாளே நம்ப வைத்துவிட்டால், மீதிப் பணம் தானாக வந்துவிடும். 'வெரி டயர்ட் சொல்லாதீர்கள், எக்ஸாஸ்டட் சொல்லுங்கள்' என்ற ரீல்ஸும் இதே ரகம்தான். 'வெரி டயர்ட்' என்பதில் ஒரு தப்பும் இல்லை. அங்கே மனப்பாடம் செய்யச் சொல்லும் 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' படித்துப் படித்துச் சலித்துப்போன வரி. சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் பழைய மெயிலை எடுத்துப் போய் திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பித்து 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடியும் லீவ் லெட்டரைப் பள்ளியில் எத்தனை வருஷம் எழுத வைத்தார்கள்! காய்ச்சல் இல்லாத பிள்ளையும் அதையேதான் எழுதியது. கமா எங்கே என்பதற்கு மார்க் உண்டு. சொல்ல வந்ததைச் சொன்னாயா என்று கேட்க ஆள் இல்லை. அப்படி வளர்த்துவிட்டு, பிறகு ஆபீஸில் எல்லோர் முன்னாலும் திட்டுவது அநியாயம்.

மேனேஜரிடம் விவாதம் வேண்டாம். நாளை காலை அந்தக் காலர் வரியை எடுத்துவிட்டு, 'ப்ளீஸ் கன்ஃபர்ம் த நியூ காலர், சாம்பிள் 2, பை ஃப்ரைடே' என்று போட்டு அனுப்புங்கள்.