வாசகர் கேள்வி–பதில்: பிரிட்டனின் இலகு டாங்கிகள்

கேள்வி: விக்கர்ஸ் மார்க் 6 டாங்கி இறக்கத்தில் போகும்போது இடது லிவரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பிவிடுமாமே, கட்டுக்கதையா? (மதுரை வாசகர்)

பதில்: நிஜம்தான். பக்கத்துக்கு ஒரு லிவர், ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இவ்வளவுதான் அதன் ஸ்டியரிங். லிவரை இழுக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்து கிளட்ச் விடுபடும். இன்னும் இழுத்தால்தான் பிரேக் பிடிக்கும். சமதரையில் இன்ஜின் இரண்டு சங்கிலிப் பட்டைகளையும் ஓட்டிக்கொண்டிருக்கும். இடது கிளட்ச் விடுபட்டால் அந்தப் பட்டை பின்தங்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் தலைகீழ். வண்டியைத் தள்ளுவது அதன் சொந்த எடை, சுமார் ஐந்து டன். இன்ஜினோ அதை இழுத்துப் பிடிக்கிறது. இப்போது இடது கிளட்ச் விடுபட்டால் அந்தப் பட்டை தடையில்லாமல் ஓடும், வலது பட்டை மட்டும் இன்ஜின் பிடியில் மெதுவாகப் போகும். மூக்கு வலப்பக்கம்!

அரைகுறையாக இழுப்பதுதான் ஆபத்து. பிரேக் பிடிக்கும்வரை ஒரேயடியாக இழுக்க வேண்டும். அல்லது பட்டைகளை இன்ஜினே ஓட்டும் அளவுக்கு ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்க வேண்டும். சரிவில் இறங்கும் முன்பே வண்டியை நேராக்கிக்கொள்வது இரண்டையும்விட மேல்.

கேள்வி: நார்மண்டியில் கிளைடரில் வந்திறங்கிய டெட்ரார்க் டாங்கிகள் பல, சண்டைக்கு முன்பே முடங்கியது ஏன்? (திருச்சி வாசகர்)

பதில்: பாராசூட் கயிறு. 1944 ஜூன் 6 மாலை, ரான்வில் அருகே ஹாமில்கார் கிளைடர்கள் இறங்கின. அதற்கு முன் குதித்த வீரர்களின் பாராசூட்டுகள் வயலெங்கும் கிடந்தன. துணியும் கயிறும் சக்கரங்களில் சுற்றி இறுகிவிட்டன. அறுத்தெடுக்காமல் வண்டி நகராது. ஏற்பாடு என்னவோ அருமை: வானத்திலேயே இன்ஜினைக் கிளப்பிவிடுவார்கள், தரை தொட்டதும் டாங்கி முன்னே நகர, கிளைடரின் மூக்குக் கதவு தானாகத் திறக்கும். சிக்கல் வெளியே காத்திருந்தது.

டெட்ரார்க்கில் லிவர் கிடையாது, ஸ்டியரிங் வீல்தான். அதைத் திருப்பினால் சக்கரங்களே சாய்ந்து பட்டையை வில்லாக வளைக்கும். கூர்மையான திருப்பத்துக்கு மட்டும் ஒரு பக்கப் பிரேக்.

கேள்வி: பழைய புகைப்படத்தில் மார்க் 6 வண்டியின் ஏ, பி, சி வகைகளை எப்படிப் பிரிப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: சுழல்கோபுரத்தின் உச்சியில் உள்ள கமாண்டர் கூண்டைப் பாருங்கள். பல முகங்களுடன் இருந்தால் ஏ, வட்டமாக இருந்தால் பி. கூண்டே இல்லையென்றால் உடனே சி என்று முடிவு கட்டாதீர்கள். இந்தியாவுக்காகச் செய்த பி வகையிலும் அது கிடையாது. அப்போது துப்பாக்கிதான் சாட்சி. பி வகையில் இருப்பவை தண்ணீரால் குளிரும் விக்கர்ஸ் துப்பாக்கிகள், குழலைச் சுற்றிப் பருத்த உறை இருக்கும். சி வகையில் காற்றால் குளிரும் பெசா; அதன் 15 மி.மீ. குழல் ஒல்லியாக நீண்டு நிற்கும்.