‘எக்செல்’ என்றால் மிஞ்சுவதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அப்பா கேட்கிறார்: “நான்காம் படிவத்தில் படிக்கும் மகள், ‘ஐ எக்செல்ட் ஆல் மை ஃபிரெண்ட்ஸ் இன் மேத்ஸ்’ என்று கட்டுரையில் எழுதினாள். பள்ளி டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். டியூசன் மாஸ்டர் தந்த தாளில் ‘எக்செல் - மிஞ்சு’ என்றுதான் போட்டிருக்கிறது. யார் சொல்வது சரி?”

இன்றைய வழக்கில் டீச்சர் சொல்வதுதான் சரி, ஐயா. பழைய நடையில் மகள் எழுதியதுபோலவும் எழுதியதுண்டு. தமிழிலேயே பாருங்கள். ‘தோழிகளை மிஞ்சினாள்’ என்கிறோம். ‘தோழிகளைச் சிறந்து விளங்கினாள்’ என்று யாராவது சொல்வோமா? எக்செல் என்பது சிறந்து விளங்குவது. எதில் என்று சொன்னால் போதும்: ‘ஐ எக்செல் இன் மேத்ஸ்’. யாரை என்று சொல்ல வேண்டுமானால் ‘சர்பாஸ்’ இருக்கிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அது ‘எக்ஸீட்’. அளவுக்கும் வரம்புக்கும் உரிய சொல்.

இன்றைய வழக்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எக்செலுக்குப் பின்னால் ஆள் வரலாம், அதுவும் அவரவரே: ‘ஷி எக்செல்ட் ஹெர்செல்ஃப்’. வழக்கத்தைவிட நன்றாகச் செய்தாள், தன்னையே மிஞ்சிவிட்டாள் என்று பொருள். ஆனால் வெள்ளைக்காரன் இதைக் குத்தலாகவும் சொல்வான். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டவரிடம் ‘யூ ஹவ் ரியலி எக்செல்ட் யுவர்செல்ஃப்’ என்றால் அது பாராட்டு இல்லை. புன்னகைத்து நன்றி சொல்லிவிடக் கூடாது.

அப்புறம் அந்தத் தாள். ‘பம்பாஸ்டிக் வேர்ட்ஸ்’ (பகட்டான பெரிய சொற்கள்) என்று தலைப்புப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்பதைப் பல ஊரில் பார்த்துவிட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல், வாக்கியம் கிடையாது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலக் கட்டுரைக்கு உள்ளடக்கம், கருத்தை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் விதம், ஒழுங்கு, மொழி என்று நான்கு பிரிவாகப் புள்ளி போடுகிறார்கள். பெரிய சொல்லுக்கென்று தனிப் புள்ளி இல்லை. முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை பதினொரு வருடம் ஆங்கிலம் நடத்துகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு வினைச்சொல்லைப் புரிந்துகொள்ளத் தகப்பன் குலை வெட்டிய காசைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது.

சரி, மகளிடம் ‘எக்செல்ட்’ இருந்த இடத்தில் ‘சர்பாஸ்ட்’ போடச் சொல்லுங்கள். மற்றதை மாற்ற வேண்டாம். எக்செலையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தோழிகளை எடுத்துவிட்டு, இறந்த காலத்தில் எல் இரண்டு வரும் என்பதைக் கவனிக்கட்டும். பதினைந்து வெள்ளித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க உதவும்.