காலையில் டப் டப், இறக்கத்தில் படார்!

கேள்வி: என்னுடையது பழைய 100 சிசி வண்டி, கார்பரேட்டர்தான். மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பக்கமிருந்து 'டப் டப் டப்' என்று சத்தம் வருகிறது, ஐந்து நிமிடம் ஓட்டினால் அடங்கிவிடுகிறது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படார் படார் என வெடிக்கிறது. மெக்கானிக் இரண்டு தடவை டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) டைட் செய்தார், இப்போது என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். சத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் மாற்றியதைத் தவிர வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. பிரிக்கலாமா?
- ஒரு வாசகர், வத்தலக்குண்டு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். போகிற போக்கில் டயர் மாற்றியதைச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்த ரக வண்டிகள் பலவற்றில் பெண்ட் பைப்பும் (என்ஜினிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைந்த குழாய்) சைலன்சரும் ஒரே துண்டு. பின் வீலைக் கழற்ற சைலன்சர் இடைஞ்சலாக இருந்தால் அதன் பின்பக்க போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, மொத்தத்தையும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தபடி வேலையை முடித்துவிடுவார்கள். அந்த இழுப்பில் முன்பக்கம், பைப் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேருகிற இடத்தில் இருக்கும் கேஸ்கெட் அசைந்துவிடும். மோதிரம் மாதிரி ஒரு வளையம்தான் அது, ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்ததை அசைத்தால் மறுபடி சரியாக உட்காராது.

காலையில் இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடைவெளி இருக்கும், புகை அது வழியே 'டப் டப்' என்று அடிக்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும், சத்தம் போய்விடும். டேப்பட் சத்தம் பெரும்பாலும் இப்படி ஐந்து நிமிடத்தில் முழுசாக மறையாது, அது தையல் மிஷின் ஓடுகிற மாதிரி மேலே ஹெட் மூடியிலிருந்து வரும். இரண்டுமே என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவதால் காது ஏமாறுவது சகஜம், உங்கள் மெக்கானிக்கை அதற்காகத் திட்ட மாட்டேன். ஆனால் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இறக்கத்தில் வெடிப்பதும் பெரும்பாலும் அதே ஓட்டையின் வேலைதான். ஆக்சிலேட்டரை விட்டபின் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, உள்ளே போகிற கொஞ்சப் பெட்ரோல் முழுசாக எரியாமல் பைப்புக்குள் வந்துவிடுகிறது. ஓட்டை வழியே வெளிக்காற்றும் உள்ளே இழுபட, சூட்டில் இரண்டும் சேர்ந்து அங்கேயே வெடிக்கிறது.

சோதிப்பது சுலபம், ஆனால் விடியற்காலையில் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பயனில்லை, போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடும். வீட்டு வாசலில், திறந்த இடத்தில், வண்டி ஆறிக் கிடக்கும்போதே ஒரு பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு பைப் ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றித் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்திலேயே நுரை தெறித்தால் தீர்ந்தது விஷயம். அந்த இடத்தில் விசிறி விரித்த மாதிரி கரி படிந்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

கேஸ்கெட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போட விடாதீர்கள். விலை ஒரு பெரிய விஷயமே இல்லை. நட் துருப்பிடித்திருந்தால் முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள், முறுக்கி ஸ்டட் (நட் மாட்டும் மரைக் கம்பி) உடைந்தால் அலுமினிய ஹெட்டிலிருந்து அதை எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மாட்டும்போது எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் திருகி, பிறகு முன்பக்க இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி அரைத் திருப்பாக இறுக்கி, பின்பக்க போல்ட்டைக் கடைசியில் இறுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக உட்கார்ந்து, ஒரே மாதத்தில் மறுபடி எனக்குக் கடிதம் போடுவீர்கள்.

அப்புறம் ஒன்று. டேப்பட்டை இரண்டு தடவை டைட் செய்திருக்கிறார்கள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. டேப்பட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தேவைக்கும் குறைந்தால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாது. வெடிப்பு அதனாலும் வரும், வால்வும் கருகும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, வண்டிக்கான அளவுக்கு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வெடித்தால் கார்பரேட்டரைப் பார்க்கலாம். என்ஜினைப் பிரிப்பது அதற்கும் அப்புறம்.

கேள்வி: பிஎஸ் 6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டி, வாங்கி நான்கு வருடம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சைலன்சருக்குள் சில்லறை போட்டுக் குலுக்கினது போல் ஒரு சத்தம். காலையில் தண்ணீரும் சொட்டுகிறது. தினமும் 2 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன்.
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் போனால் ஆவியாகிப் போகும். 2 கிலோமீட்டரில் சைலன்சர் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது, தண்ணீர் உள்ளேயே தங்கித் தகடை அரிக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

சத்தத்துக்கு முதல் சந்தேகம் வெளியே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. வண்டி நன்றாக ஆறியதும் கையால் அசைத்துப் பாருங்கள், ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அதோடு முடிந்தது. அது கெட்டியாக இருந்தால் சைலன்சரை உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றிருக்கலாம், அல்லது புகையின் நச்சைக் குறைக்கிற, தேன்கூடு போலிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உடைந்திருக்கலாம். அந்தக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். புகைச் சோதனையில் மாட்டுவீர்கள்.

கேள்வி: சாவியை எடுத்த பிறகும் சைலன்சர் 'டிங்... டிங்...' என்கிறதே, ஏதாவது ஆபத்தா?
- ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: சூடான இரும்பு ஆறிச் சுருங்குகிற சத்தம். பக்கத்தில் ஈரத் துணியோ பிளாஸ்டிக் கவரோ படாமல் பார்த்துக்கொண்டு, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்.