வாண்டா லாண்டோவ்ஸ்கா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புலம்பெயர்ந்த கலைஞர்களைப் பற்றி எழுதியபோது பியானோவுக்கு முந்தைய கட்டைக்கருவியான ஹார்ப்சிகார்டை வாசித்த வாண்டா லாண்டோவ்ஸ்காவை ‘முன்னோடி’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அவர் 1933ல் பதிவுசெய்த, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ என்ற படைப்பைத் தேடிக் கேட்டேன். இன்றைய கலைஞர்களின் பதிவுகளுக்குப் பக்கத்தில் அது கனத்து ஒலிக்கிறது. மேலையிசை பயிலும் நண்பர் ஒருவர், அவர் வாசித்தது அசல் ஹார்ப்சிகார்டே அல்ல என்கிறார். அப்படியானால் அவர் எதற்கு முன்னோடி?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கருவியைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரிதான். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. ஹார்ப்சிகார்டிலோ கட்டையை அழுத்தியதும் சிறு அலகு ஒன்று எழுந்து, வீணைக்கம்பியை விரல் மீட்டுவதுபோல, கம்பியைச் சுண்டிவிட்டுத் தணிகிறது. பாஹின் காலத்துக் கருவிகளில் அந்த அலகு பெரும்பாலும் பறவையின் இறகுத்தண்டு. கருவியின் உடல் மெல்லிய மரப்பெட்டி. பாரிஸின் பிளெயெல் நிறுவனம் 1912ல் லாண்டோவ்ஸ்காவின் தேவைக்கேற்பச் செய்தளித்த கருவியில் தோல் அலகுகள், காலால் இயக்கும் மிதிகள், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கூடுதல் கம்பிவரிசை எல்லாம் இருந்தன. பியானோ செய்து பழகிய கைகள் செய்த ஹார்ப்சிகார்ட் அது. உங்கள் காதில் விழுந்த கனம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அதனாலேயே அவர் முன்னோடி அல்ல என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வார்சாவில் 1879ல் பிறந்த லாண்டோவ்ஸ்கா 1900ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தபோது பியானோ கலைஞராகவே வந்தார். பாஹைப் பியானோவில் வாசிப்பதே அன்று இயல்பு. ஹார்ப்சிகார்ட் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு நகரும் பொருள். அதைப் பெரிய அரங்குகளின் கடைசி வரிசைவரை கேட்கச் செய்ய வேண்டும் என்று நினைத்த ஒருவர் எந்தக் கருவியைக் கேட்டு வாங்கியிருப்பாரோ அதைத்தான் அவரும் வாங்கினார். கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். ரஷ்யாவில் டால்ஸ்டாயின் பண்ணைவீடான யாஸ்னயா போல்யானாவில் அவருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

என் கட்டுரையின் உண்மையான குறை வேறு: அவருடைய ஆசிரியப் பணியைச் சொல்லாமல் விட்டேன். 1913ல் பெர்லின் இசைக்கல்லூரி அவருக்காகவே ஹார்ப்சிகார்ட் வகுப்பைத் தொடங்கியது. முதல் உலகப்போர் முடியும்வரை அங்கிருந்து வெளியேற முடியவில்லை; 1919ல் கணவர் ஹென்றி லூ கார் விபத்தில் இறந்தார். பாரிஸ் திரும்பி, 1925ல் நகருக்கு வெளியே சேன்-லூ-லா-ஃபோரேயில் பழைய இசைக்கென ஒரு பள்ளியை நிறுவி, இரண்டு ஆண்டுகளில் அதன் தோட்டத்தில் சிறிய கச்சேரி மண்டபமும் கட்டினார். ஹார்ப்சிகார்டில் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி பெரிதாகாது. ஆகவே ஒரு சுரத்தை எப்போது விடுவது, அடுத்த சுரத்தோடு எவ்வளவு ஒட்டுவது, எவ்வளவு பிரிப்பது என்பதில்தான் உணர்ச்சி வெளிப்பாடு முழுவதும் இருக்கிறது. அவர் கற்றுத்தந்தது இந்த விரல்நுட்பத்தை. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதைப் பிரதிகளில் நுணுக்கமாகக் குறித்துவைப்பது அவர் வழக்கம்.

1940ல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, யூதரான அவர் மாணவி தெனீஸ் ரெஸ்டூவுடன் தெற்கே பன்யூல்ஸுக்குத் தப்பிப் போனார். அவர் திரட்டிவைத்திருந்த பழங்கருவிகளையும் நூலகத்தையும் நாஜிகள் பெட்டிபெட்டியாக அள்ளிச் சென்றார்கள். லிஸ்பன் வழியாக அவர் நியூயார்க் துறைமுகம் சேர்ந்தது 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாள். அப்போது வயது 62. பதினோரு வாரங்களுக்குள், 1942 பிப்ரவரி 21 அன்று, அந்நகரின் டவுன் ஹால் அரங்கில் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை வாசித்தார். மறுபடியும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் கனெக்டிகட்டின் லேக்வில்லில் குடியேறி, கட்டைக்கருவிக்காகப் பாஹ் எழுதிய ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ இரு தொகுதிகளையும் 1949 முதல் 1954 வரை பதிவுசெய்து, 1959ல் அங்கேயே இறந்தார்.

கருவிகளைப் பொறுத்தவரை அடுத்த தலைமுறை அவரைக் கைவிட்டது. பழைய மாதிரியில் செய்த மெல்லிய மரக்கருவிகளுக்குத் திரும்பியது. அது நல்லதே, எனக்கும் அந்த ஒலிதான் பிடிக்கும். ஆனால் அப்படித் திரும்பியவர்களில் அவரிடமே பயின்றவர்களும் உண்டு. ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1930களின் தொடக்கத்தில் அவரிடம் பயின்று, பிறகு அவருடைய பாணியோடு உடன்படாமல் போனவர். பாஹின் காலத்து இசையமைப்பாளர் டொமினிகோ ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களை அடையாளம் காட்ட இன்று நாம் சொல்லும் ‘கே’ என்ற வரிசை எண்களைத் தந்தவர் கிர்க்பாட்ரிக்தான்.

கோல்ட்பர்க் பதிவோடு நிறுத்திவிடாமல், 1940ல் பாரிஸில் லாண்டோவ்ஸ்கா பதிவுசெய்த ஸ்கார்லாட்டியின் கே. 490 சொனாட்டாவையும் கேளுங்கள். நடுவே வெளியிலிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கி அதிர்வது பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தில் அவர் விரல்களின் காலப்பிரமாணத்தைக் கவனியுங்கள். அது அசையவில்லை.

அன்புடன்.