ஆஸ்பத்திரியால வந்த தம்பிய எப்புடி பாத்துக்கிறது?

ஹட்டன் பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, தம்பி உயிர மாய்ச்சுக்கப் பாத்து காப்பாத்தியாச்சு, நேத்து டிக்கட் வெட்டி அனுப்பிட்டாங்க, திரும்பவும் செஞ்சிருவானோன்னு பயமா இருக்கு, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க, என்ன செய்யன்னு.

தங்கச்சி, இப்புடி தப்பிச்சவங்கள வருசக்கணக்கா கவனிச்சுப் பாத்த ஆய்வுகள்ல 100 பேர்ல 90 பேருக்கு மேல அதுக்கப்புறம் தற்கொலையால சாகல. மனசுல பொங்குற அந்த வேதனை தணியும். ஆனா மத்தவங்கள விட ஆபத்து கூடத்தான், அதுலயும் வீட்டுக்கு வந்த மொத சில மாசம் ரொம்ப கவனம், நம்ம லயத்துல என்னன்னா மொத நாள் எல்லாரும் காம்பராவுக்குள்ள வந்து "ஏன்டா இப்புடி செஞ்ச"ன்னு ஏசுவாங்க, ரெண்டாம் கிழமை ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அதுதான் எனக்கு பெரிய கவல.

உலக சுகாதார ஸ்தாபனம் கொழும்பு, சென்னை உட்பட 5 நகரத்துல செஞ்ச ஆய்வு 2008ல வந்துச்சு. இப்புடி தப்பிச்சவங்கள்ல ஒரு பகுதி ஆக்களுக்கு தற்கொலை நினைப்பப் பத்தி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தி, பொறகு 18 மாசத்துல 9 தடவ போன்லயோ நேர்லயோ எப்புடி இருக்கீங்கன்னு விசாரிச்சிருக்காங்க, அவ்வளவுதான். அவங்கள்ல 0.2 வீதம் பேர் தற்கொலையால இறந்தாங்க, வழமையான சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 2.2 வீதம்.

அதப் பத்திக் கேட்டா சாகுற நினைப்பு புதுசா வந்துராதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. கிளினிக்ல ஒரு பையன் கொப்பிய மடியில வச்சு சுருட்டிக்கிட்டே இருந்தான், "சாகணும்னு இன்னும் தோணுதாப்பா"ன்னு நேராவே கேட்டேன், "வீட்ல யாருமே கேக்கல சேர்"னு அழுதுட்டான்.

பூச்சி மருந்து, மாத்திரை எதையும் வீட்டுல அவன் கைக்கு எட்ட வைக்காதீங்க. அந்த வேகம் கொஞ்ச நேரந்தான், அது தாண்டிட்டா உயிர் தப்பும், 1995ல ஆபத்து கூடின பூச்சி மருந்துகள தடை செஞ்ச பொறகு நம்ம இலங்கையில தற்கொலை பாதிக்கு மேல குறைஞ்சதும் அதனாலதான். பொலிஸுக்கு பயந்து கிளினிக்க விட்றாதீங்க, 1998ல இருந்து இது குற்றமில்ல.

செத்துருவேன்னு சொன்னா தனிய விடாம உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, ராத்திரின்னாலும் மனநல உதவி போன் நம்பர் 1926க்கு எடுக்கலாம். இன்னைக்கு தேத்தண்ணி ஊத்திக் குடுத்து பக்கத்துல உக்காந்து கேளுங்க, அவன் வாய் திறக்க நேரமானாலும் எழும்பிப் போயிராதீங்க.