ஈஸ்ட் வாங்கி வைத்த தேசம்

கேள்வி: டென்மார்க்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாதாம். ஆனாலும் முதலாளியும் தொழிலாளியும் அமைதியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்களாமே, எப்படி?

பதில்: அமைதியா? யார் சொன்னது உங்களுக்கு? ஸ்காண்டிநேவியக்காரர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று எழுதித் தள்ளும் கட்டுரையாளர்களோடு எனக்குப் பழைய தகராறு ஒன்று பாக்கி இருக்கிறது. 1998 ஏப்ரல் கடைசியில் டென்மார்க்கில் சுமார் 5 லட்சம் பேர் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்கள். எதற்கு? வருஷத்துக்கு ஆறாவது வாரம் விடுமுறை வேண்டுமாம்! ஐந்து ஏற்கெனவே இருந்தது. சங்கத் தலைவர்கள் முதலாளிகளோடு பேசி முடித்துக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டார்கள். சரி, ரொட்டி கிடைக்காமல் போய்விடுமே என்று கடைக்கு ஓடிய ஜனம் எதை அள்ளிக் குவித்தது தெரியுமா? ஈஸ்ட்! ஒரு ரொட்டிக்கு எவ்வளவு ஈஸ்ட் வேண்டும், சிட்டிகை கொஞ்சம் கூட. குவித்தவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் மாவு பிசைந்திருப்பார்கள் என்பது அவர்கள் வீட்டு அடுப்புக்கே வெளிச்சம். 11 நாளில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடித்துவைத்தது, கேட்ட வாரம் முழுசாக வரவில்லை, சில நாள் வந்தது, ஈஸ்ட் மிஞ்சியது. இன்றுவரை அதற்கு ஈஸ்ட் போராட்டம் என்றுதான் பேர்.

கூலிச் சட்டம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சங்கமும் முதலாளிகளும் கூலி பேசிப் போடும் ஒப்பந்தம் இருக்கிறதே ஐயா. 1899-இல் அந்நாட்டின் ஜட்லாந்துப் பகுதித் தச்சர்களின் வேலைநிறுத்தத்தில் தொடங்கிய சண்டையில் முதலாளிகள் சுமார் 40,000 பேரை வெளியே தள்ளிக் கதவை அடைத்தார்கள், மாதக்கணக்கில். செப்டம்பரில் சமரசம்: சங்கம் வைக்க உங்களுக்கு உரிமை, வேலையைப் பங்கிட்டு நடத்த எங்களுக்கு உரிமை. ஒப்பந்தம் ஓடும் காலத்தில் திடீரென்று வேலையை நிறுத்தினால் தொழில் நீதிமன்றத்தில் அபராதம். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போதுதான் கச்சேரி. அரசு நியமித்த சமரசக்காரர் வேலைநிறுத்தத்தை இரண்டிரண்டு வாரமாக இருமுறை தள்ளிப்போடலாம், அதற்குமேல் தள்ளிப்போட அவரால் முடியாது. பக்கத்துத் தொழில்காரர்களும் ஆதரவாகக் களத்தில் இறங்கலாம் என்று தெரிந்துதான் முதலாளி மேஜைக்கு வருகிறார். 2023-இல் ஸ்வீடனில் தொடங்கிய டெஸ்லா வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக, டேனிஷ் துறைமுகத் தொழிலாளர்கள் ஸ்வீடனுக்குப் போகும் அந்தக் கார்களை இறக்க மாட்டோம் என்றார்கள். சாதுக்களாம்!

அதே 2023-இல் அரசாங்கம் யாரையும் கேட்காமல், 1686-இலிருந்து இருந்த பெரிய பிரார்த்தனை நாள் விடுமுறையை ராணுவச் செலவுக்காக ரத்து செய்தது, அதுவும் தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் சோஷியல் டெமாக்ரட் கட்சிப் பிரதமர் தலைமையில். வேலை நேரம் எங்கள் இரண்டு தரப்பின் விஷயம், நீங்கள் யார் நடுவில் என்று சங்கங்கள் கோபன்ஹேகனில் பெருங்கூட்டம் கூட்டின. 2024 முதல் அன்று வேலை நாள், ஈடாகச் சம்பளத்தில் 0.45 சதவீதம் கூடுதல். அந்த நாளுக்கு முந்தைய மாலை கோதுமைப் பன்னைச் சூடாக வெண்ணெய் தடவித் தின்பது வழக்கம். மீந்த ஈஸ்ட்டுக்கு அந்த ஒரு வேலையாவது இருந்தது, அதிலும் மந்திரிசபை மண்ணைப் போட்டுவிட்டது.