கேளுங்கோ, சொல்லுறன்: கிரேக்கரின்ர சாமி, கூத்து, சாவு

போன இதழில கிரேக்கரைப் பற்றி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நான் நினைக்கேல்லை, அதால இந்தமுறை பக்கம் முழுக்க அதுக்குத்தான்.

மல்லாவி, ஏ.எல் மாணவி: கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிறன் சேர். ஸியூஸ் கண்ட பெண்ணுகளுக்குப் பின்னால திரியிறார், ஹெர்மீஸ் பிறந்த அண்டைக்கே மாடு களவெடுக்கிறார். உப்பிடியான ஆக்களை எப்பிடி சாமியெண்டு கும்பிட்டவை?

பிள்ளை, இதை கி.மு. 6ஆம் நூற்றாண்டிலயே ஒரு கிரேக்கக் கவிஞர் கேட்டிட்டார். செனோபனீஸ் எண்டு பேர். களவு, கள்ளத்தொடர்பு, ஏமாத்து எண்டு மனிசருக்கு வெட்கக்கேடான எல்லாத்தையும் ஹோமர், ஹெசியட் எண்ட பழைய கவிஞர் ரெண்டுபேரும் சாமியளின்ர தலையில கட்டிவிட்டினம் எண்டு ஏசினவர், மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் கீற ஏலுமெண்டால் மாடு மாடு மாதிரியும் குதிரை குதிரை மாதிரியும்தான் சாமியைக் கீறும் எண்டும் சொன்னவர். ஆனா நீர் ஒண்டைக் கவனிக்கோணும், அந்தக் கதையள் அவையளுக்கு வேதம் இல்லை, இதை நம்பினாத்தான் நீ எங்கட ஆள் எண்ட கண்டிசனும் இல்லை. சனம் சேர்ந்து செய்யிறதுதான் சமயம். பலிபீடம் கோயிலுக்கு வெளியில வெட்டவெளியில இருக்கும், உள்ளுக்கை சிலை. ஆட்டையோ மாட்டையோ வெட்டி, தொடையெலும்பைக் கொழுப்பால சுத்தி நெருப்பில போட்டால் புகை சாமிக்கு, இறைச்சி சனத்துக்கு. எங்கட வேள்வி பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு இது புதினமா இராது. சாமிக்கு ஏன் எலும்பு மட்டும் எண்டால், புரோமிதியஸ் எண்ட தந்திரக்காரச் சாமி எலும்பை வடிவான கொழுப்பால மூடிக் காட்டி ஸியூஸோட விளையாடின கதையை ஹெசியட் சொல்லுறார். எக்ஸாமில கதையை மட்டும் எழுதிப்போட்டு வராதையும், பலியையும் எழுதும்.

நெடுங்கேணி வாசகர்: கிரேக்கச் சிலையெல்லாம் ஏன் வெள்ளை?

வெள்ளை இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் எண்டு பெயின்ட் அடிச்ச சிலையள், காலம் போக கழண்டு போச்சு. வெண்கலத்தில செய்ததுகளைப் பிற்காலத்துச் சனம் உருக்கிப் போட்டுது. கடலுக்கை தாண்டதால தப்பினது கொஞ்சம், 1972இல இத்தாலியில ரியாச்சே கடலில எடுத்த ரெண்டு வீரர் சிலை மாதிரி. மியூசியத்தில நிக்கிற கனக்கச் சிலையள் ரோமர் பார்த்துச் செய்த மாபிள் கொப்பிதான்.

முள்ளியவளை, கூத்துக்காரர்: அவையளின்ர நாடகமும் திருவிழாவிலதானாம், பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தானாம். உண்மையோ ஐயா?

உண்மைதான் அண்ணை. ஏதென்ஸில வசந்த காலத்தில டயோனிசஸ் சாமிக்கு எடுக்கிற திருவிழா, அக்ரோபொலிஸ் குன்றின்ர தெற்குச் சரிவில வெளியரங்கு. மூண்டு கவிஞருக்குப் போட்டி, ஆளுக்கு மூண்டு சோக நாடகம், பிறகு ஒரு பகிடி நாடகம். எல்லாருக்கும் முகமூடி. பாடி ஆடுற குழுவில முதல் 12 பேர், பிறகு 15. அனேகமா எழுதின ஆளேதான் அண்ணாவியாரும்.

ஆனா உங்களிட்ட நான் சொல்ல விரும்புறது வேற ஒண்டு. கி.மு. 494இல மிலெட்டஸ் எண்ட கிரேக்க நகரத்தைப் பாரசீகப் படை அழிச்சுப் போட்டுது, அதை ஃப்ரினிக்கஸ் எண்டவர் நாடகமாப் போட, ஏதென்ஸ் சனம் முழுக்க குளறி அழுதுது. எங்கட துன்பத்தையே எங்களுக்கு ஞாபகப்படுத்தினாய் எண்டு அவருக்கு 1000 திராக்மா தண்டம், இனி ஒருத்தரும் அதைப் போடக்கூடாது எண்டும் தடை. ஹெரோடோட்டஸ் எண்ட வரலாற்றாசிரியர் எழுதி வைச்சிருக்கிறார். பிறகு கி.மு. 472இல ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகம் போடுறார். எட்டு வருசத்துக்கு முன்னம் அந்தப் படைதான் ஏதென்ஸை எரிச்சது, அதே ஊர்ச் சனம் இருந்து பார்க்க, மேடையில தோத்த அரசன்ர தாயும் பாரசீகக் கிழவர்மாரும் தங்கட செத்த பிள்ளையளுக்கு ஒப்பாரி வைக்கினம். அதுக்கு முதல் பரிசும் கிடைச்சுது. எங்கட இடத்தில இப்பிடி ஒரு கூத்து ஏலுமோ எண்டு நீங்கள்தான் சொல்லோணும், ஃப்ரினிக்கஸுக்குத் தண்டம் போட்ட சனத்திலயும் எனக்குக் கோவம் வரேல்லை.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு அவையள் என்ன செய்தவை தம்பி? நாங்கள் திவசம் செய்யிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் நிக்கிறம்.

அம்மா, செய்யிறதோ விடுறதோ எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவையள் செய்ததை மட்டும் சொல்லுறன். சண்டையில செத்தவையின்ர எலும்பை ஏதென்ஸில ஊர் சேர்ந்து அடக்கம் செய்யிறது, பத்துக் குலத்துக்கும் குலத்துக்கொரு சைப்பிரஸ் மரப்பெட்டி, வண்டிலில போகும், அதோட கூட விரிச்ச வெறும் பாடை ஒண்டையும் தூக்கிக்கொண்டு போவினம். அது உடம்பு எடுக்கேலாமல் போனவைக்கு. துசிடிடீஸ் எண்ட வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இதில அவையள் எவ்வளவு கடுமை எண்டால், கி.மு. 406இல அர்கினூசே கடற்சண்டையில வெண்ட தளபதிமாரையே, புயலைச் சாட்டி தண்ணிக்கை கிடந்த தங்கட ஆக்களை எடுக்காமல் வந்திட்டினம் எண்டு தீர்ப்பளிச்சு ஆறு பேருக்கு மரணதண்டனை குடுத்தவை. அது நியாயமில்லாத விசாரணை, பிறகு அவையளே அதுக்குக் கவலைப்பட்டவை. சோபோக்கிளீஸின்ர நாடகத்தில வாற அன்ரிகனி, அரசன் புதைக்கக்கூடாது எண்ட தமையன்ர உடம்பில காஞ்ச புழுதியைத் தூவி தண்ணி வார்த்ததுக்குத்தான் சாகிறாள், புழுதி தூவினாலே கடமை முடிஞ்சதெண்டு அவையளுக்கு.

ஆனா அந்த வெறும் பாடை செத்தது தெரிஞ்ச ஆக்களுக்கு. உங்கட கேள்வி அது இல்லை எண்டு எனக்கு விளங்குது. உங்கட கேள்வி ஹோமரின்ர ஒடிசி எண்ட காவியத்தில இருக்கு. தகப்பன் ட்ரோய் நகரத்துச் சண்டைக்குப் போய் இருபது வருசம், இருக்கிறாரோ இல்லையோ தெரியாது, மகன் டெலிமாக்கஸ் சொல்லுறான்: ட்ரோயில எங்கட ஆக்களோட செத்திருந்தால் இவ்வளவு கவலை இல்லை, ஒரு சமாதி கட்டியிருப்பினம், இப்ப காத்து அள்ளிக்கொண்டு போன மாதிரி, கண்டதுமில்லை கேட்டதுமில்லை எண்டு. அதுக்கு அதீனா எண்ட பெண் சாமி சொல்லுறது, போய் விசாரி, உயிரோட இருக்கிறார் எண்டு கேள்விப்பட்டால் இன்னும் ஒரு வருசம் பொறு, செத்திட்டார் எண்டு அறிஞ்சால் வந்து மேடு கட்டிக் கிரியை செய். விசாரிக்கிறதுதான் முதல், கிரியை பிறகு. அந்தக் கதையில தகப்பன் திரும்பி வந்தவர், அது கதை அம்மா.

வவுனியா வாசகர்: மரக்குதிரைக் கதைக்காக இலியட் வாங்கினன். எத்தினையாம் பாகத்தில வரும்?

வராது! ஹோமரின்ர இலியட் காவியம் ட்ரோய் இளவரசன் ஹெக்டரின்ர செத்தவீட்டோட முடிஞ்சிடும், ட்ரோய் அப்பவும் விழேல்லை. கிரேக்கர் உள்ளுக்கை ஒளிச்சிருந்து ட்ரோயைப் பிடிச்ச அந்தக் குதிரை ஒடிசியில 8ஆம் பாகத்தில, ஒரு பாட்டுக்காரர் பாடுற இடத்தில வரும். வாங்கினதை வீணாக்காதேங்கோ, 24ஆம் பாகத்தைத் திறந்து, ஹெக்டரின்ர தகப்பன், கிழவன் ப்ரியாம், தன்ர பிள்ளையைக் கொலை செய்தவன்ர கையைக் கொஞ்சி உடம்பைத் தா எண்டு கேக்கிற இடத்தை வாசியுங்கோ. 2ஆம் பாகத்தில வாற கப்பல் கணக்கைத் தாண்டிப் போனாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.